கதிரை போட்டுக் கொடுத்த புதன்கிழமை

நீங்கள் அனுப்பிய கடிதமும் சுவரொட்டியும் கிடைத்து இரண்டு நாளாகிறது. நான் பதில் போடவில்லை. நேற்று உங்களில் ஒருவர் போன் எடுத்து, மிஸ்ஸிக்குக் கோபமோ என்று கேட்டார். கோபம்தான். ஆனால் உங்கள் மேல் இல்லை. அதைப் போனில் விளக்கிச் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஓய்வு பெற்ற தாதிக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சுவரொட்டியில் இருக்கும் மனிதரை எனக்குத் தெரியாது. சங்கக்கடையில் வேலை செய்பவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், போனில் விளையாடி விளையாடியே வேலையும் குடும்பமும் கைவிட்டுப் போகிற நிலைக்கு வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் வந்த பிறகு நூறு நாளாக அந்த விளையாட்டின் பக்கமே போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேட்க நிறைந்த சந்தோசம். புதிதாகக் கிளினிக் வேலைக்கு வந்த உங்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்குத் தெரியும். படத்தில் அவருக்கு மாலை போட்டிருக்கிறீர்கள். கீழே "நூறு நாள் வென்றவர்" என்று கொட்டை எழுத்து. அடுத்த மாதம் பொது மண்டபத்தில் விழா வைத்து, நான் வந்து அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஒருமுறை போர்த்தியவள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். எங்கள் டொக்டரையும் ஒரு குடும்பத்தையும் தவிர யாருக்கும் இது முழுதாகத் தெரியாது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த வைத்தியசாலை என்றும் சொல்லவில்லை, தீவுப் பக்கம் என்பது மட்டும் போதும்.

அந்த வைத்தியசாலையில் புதன்கிழமைகளில் சுருட்டு, சிகரெட், புகையிலை விட விரும்புகிறவர்களுக்கு ஒரு கிளினிக் நடத்தினோம். பிற்காலத்தில் போன் விளையாட்டுக்காரர்களும் சீட்டுக்காரர்களும் வந்தார்கள், எல்லாருக்கும் அதே அறைதான். அறை என்று சொல்வது மரியாதைக்கு. முன்பு மருந்துப் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த இடம், ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு முக்காலி, ஒரு யன்னல். வெளியே விறாந்தையில் நீள வாங்கு. அந்த வாங்கில் இருப்பவரைப் பல்லுக் காட்ட வந்தவரும் பார்ப்பார், தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கி வந்தவரும் பார்ப்பார், ரோட்டில் சைக்கிளில் போகிறவரும் பார்ப்பார். பின்னேரத்துக்குள் தீவு முழுக்கச் செய்தி போய்விடும். அதனால் வந்தவர்களில் பாதிப் பேர், யாராவது கேட்டால், பிரசருக்கு வந்தனான் என்பார்கள். நானும் அவர்களுடைய கிளினிக் கொப்பியின் மட்டையில் எதற்கு வருகிறார் என்று போடாமல் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பேன். வைத்தியசாலைக்கு வழி தெரியாமல் யாரும் வராமல் இருக்கவில்லை. யாரும் பார்க்காத ஒரு நேரம்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அங்கேதான் தருமண்ணை வந்தார்.

புளியங்கூடல் ஆள். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தனியார் பஸ்ஸில் கொண்டக்டர். அந்த வழியில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. வயதான மனுசிகளைக் கையைப் பிடித்து ஏற்றி, யார் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று விசாரித்து, இடையில் இரண்டு பகிடியும் விட்டுத்தான் ரிக்கெற் கொடுப்பார். வயது ஐம்பதுக்குக் கிட்ட. பதினாறு வயதில் தொடங்கிய சுருட்டு. இடது காலின் இரண்டாவது விரலில் ஒரு புண் வந்து மாறாமல் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் காட்டினபோது, காலுக்குப் போகும் இரத்தக் குழாய் சுருங்கிக்கொண்டு வருகிறது, சுருட்டை விட்டால் கால் தப்பும், விடாவிட்டால் முதலில் விரல் போகும், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும் போகும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் என்னிடம் சொன்னார், "மிஸ்ஸி, ஒத்தைக் காலிலை நிண்டு நான் எப்பிடி ரிக்கெற் குடுக்கிறது? சனம் எனக்கெல்லோ இடம் விடவேண்டி வரும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கை மட்டும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. புண்ணோடு வருகிறவரிடம் வாயால் எதுவும் கேட்க முன், முக்காலியை இழுத்துப் போட்டுக் காலை அதன்மேல் வைக்கச் சொல்வேன். குனிந்து துணியை அவிழ்த்துக் கழுவத் தொடங்குவேன். அந்த நேரத்தில் என் தலைமயிர்தான் அவருக்குத் தெரியும், அவருடைய கால்தான் எனக்குத் தெரியும். முகம் பார்க்காமல் இருக்கும்போது மனிதர் உண்மையைச் சொல்லிவிடுகிறார். "நேற்று ரெண்டு பத்தினனான் மிஸ்ஸி" என்று தருமண்ணை சொன்னதெல்லாம் என் தலைக்கு மேலேதான். நானும் நிமிராமல், சரி, எந்த நேரம், எங்கே வைத்து என்று கேட்பேன். ஏசுவதில்லை. இதை எந்தப் பயிற்சியிலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தானாக வந்தது. தானாக வந்ததனால் அதன் அருமை எனக்கே தெரியாமல் போய்விட்டது.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அவருடைய எதிரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். காரைநகரிலிருந்து வரும் படகுச் சனத்தை ஏற்ற, பஸ் துறையடியில் காத்து நிற்கும். அந்தக் காத்திருப்பில்தான் அவருக்குச் சுருட்டு வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் நினைவே வராது. அதனால் பஸ் நின்றதும் அவர் இறங்கி, ஒரு சுருள் கச்சான் கடலையோடு படகு கட்டும் இடத்துக்குப் போய், வருகிறவர்களின் பைகளைத் தூக்கி விட வேண்டும் என்று முடிவெடுத்தோம். கைக்கு வேலை, வாய்க்குக் கச்சான். சனம் சும்மா இருக்குமா? கொண்டக்டர் படகுக்காரச் சம்மாட்டியார் ஆகிவிட்டார் என்று நையாண்டி பண்ணினார்கள். அவர் அவர்களுக்கு மேலால் பண்ணினார். மனைவி மகேசக்கா வீட்டில் இருந்த நெருப்புப் பெட்டி எல்லாவற்றையும் குசினியில் தன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு தரம் வழுக்கினார், இரண்டு தரமும் அடுத்த புதனே வந்து என் தலைக்கு மேலே சொன்னார். மூன்றாம் தரம் நின்றது நின்றதுதான்.

நாள் எண்ணத் தொடங்கினோம். எண்ணியது நான்தான், அவர் இல்லை. புண் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தோல் பிடித்து வந்தது. அந்த இளஞ்சிவப்புத் தோலை முதன்முதலில் பார்த்த அன்று நான் வீட்டுக்குப் போய்ப் பாயாசம் காய்ச்சினேன். என் பிள்ளைகளுக்கு ஏன் என்று விளங்கவில்லை.

நூறாம் நாள் நெருங்கியபோது எனக்குத் தலை கால் தெரியவில்லை. அவருடைய ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா வந்தது. நானே போய்க் கதைத்து, நிகழ்ச்சி நிரலில் அவரைச் சேர்த்துவிட்டு வந்தேன். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் அதிகம் கதைக்காத மனுசி. நான் விசயத்தைச் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"திரும்பப் பத்தினா அவர் எங்கை வருவார், மிஸ்ஸி?"

"அவர் பத்தமாட்டார் டொக்டர்," என்றேன்.

அவர் திரும்பப் பேனையை எடுத்தார். வயதில் என்னைவிடச் சின்னவர். இந்தச் சனத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நான் மனதுக்குள் நினைத்தேன். அந்தக் கேள்விக்கு நான் இன்றைக்கும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தருமண்ணையிடம் சொன்னபோது, "எனக்கு உது வேண்டாம் மிஸ்ஸி" என்றார். நான் சிரித்தேன். இங்கேதான் என் முதல் பிழை. நீங்களும் இந்த மண்ணில் பிறந்தவர்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் பொன்னாடை என்றால் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். உடனே ஓம் என்றவனை ஆசைக்காரன் என்பார்கள். அதிபரும் வேண்டாம் என்பார், நாதஸ்வரக்காரரும் வேண்டாம் என்பார், மூன்றாம் தரம் கேட்டதும் தலையைக் குனிந்து சம்மதிப்பார். அதுதான் மரியாதை. நான் தருமண்ணையின் வேண்டாமையும் அந்தக் கணக்கில் போட்டேன். இரண்டாம் தரமும் வேண்டாம் என்றார். மூன்றாம் தரம் நான், "உங்களைப் பார்த்து நாலு பேர் விடுவினம் அண்ணை, அதுக்காகவெண்டாலும் வாங்கோ" என்றேன். அவர், "நீங்கள் சொன்னாச் சரி" என்றார். மரியாதையாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையில் என்னை மறுக்க ஏலாமல் சொன்னது.

விழா நன்றாகத்தான் நடந்தது. மகேசக்கா புதுச் சேலை உடுத்து முன்வரிசையில் இருந்தார். கிராம அலுவலர் பேசினார், அதிபர் பேசினார், நான் பொன்னாடை போர்த்தினேன், சனம் கைதட்டியது. பிறகு மைக்கை என் கையில் தந்தார்கள். சந்தோசத்தில் வாய் கொஞ்சம் நீளும் ஆள் நான். "இனி தருமண்ணையின்ரை கையிலை ஆரும் சுருட்டைக் கண்டா நேரை வந்து என்னட்டைச் சொல்லுங்கோ" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒரு ஊரையே அவருக்குக் காவல் வைத்துவிட்டு நான் கதிரையில் போய் இருந்தேன்.

பொன்னாடையோடு எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, கிளினிக் அறையில் என் தலைக்கு மேலே ஆணி அடித்துக் கொழுவினேன். வருகிறவர்கள் எல்லாருக்கும் அதைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவருக்கு ஊரில் பெயரே பொன்னாடை அண்ணை என்று ஆகிவிட்டது.

இரண்டு மாதம் போலப் போனது. அவருடைய தமையன் மாரடைப்பில் செத்துப் போனார். நான் செத்தவீட்டுக்குப் போய் முன்னுக்கு இருந்துவிட்டு வந்தேன். மகேசக்கா பின்னொரு நாள் சொல்லித்தான் நடந்தது எனக்குத் தெரியும். செத்தவீட்டில் வெற்றிலை, பாக்கு, சுருட்டு வைத்த தட்டம் ஆளுக்காள் கைமாறும் என்பது உங்களுக்குத் தெரியும். தட்டம் இவரிடம் வரும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள், இவருக்குக் குடுக்காதையுங்கோ, இவர் பொன்னாடை போட்ட மனுசன் என்று சொல்லி அந்தப் பக்கம் தள்ளினார்கள். நல்ல மனதோடுதான். கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்த மனிதனுக்கு அந்த வீட்டில் எல்லாரும் செய்கிற ஒன்றைச் செய்ய உரிமை இல்லாமல் போனது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தட்டத்தைக் குசினிக்குக் கொண்டு போகிறபோது அதில் மிஞ்சிக் கிடந்த ஒரு சுருட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருக்கிறார். கிணற்றடிப் பக்கம் போய்ப் பற்றியிருக்கிறார். முந்தி இரண்டு தரம் வழுக்கியபோது அடுத்த புதனே என்னிடம் வந்தவர், இந்தத் தரம் வரவில்லை.

வராததைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சுகமானவர்கள் வரமாட்டார்கள், அவருக்கு இனி நான் தேவையில்லை என்று நினைத்தேன். அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

தமையனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில வாரத்துக்குப் பிறகு ஒரு புதன்கிழமை அவர் வந்தார்.

நான் உள்ளே ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். விறாந்தையில் அவருடைய குரல் கேட்டது. வாங்கில் இருந்தவர்களில் ஒருவர், "வாங்கோ பொன்னாடை அண்ணை, எங்களுக்குப் புத்தி சொல்ல வந்தனீங்களோ?" என்று கேட்டார். வாங்கு கிறீச்சிட்டது. பிறகு, "ஓம், ஓம், அதுக்குத்தான் வந்தனான்" என்று இவர் சொன்னது கேட்டது. தொடர்ந்து கதைக்கத் தொடங்கினார். துறையடி, கச்சான், பை தூக்கியது எல்லாம் பகிடியோடு சொன்னார். வாங்கு முழுக்கச் சிரித்தது. முதல் மூன்று நாளைத் தாண்டினால் போதும் என்றார். வாய்க்கு ஏதாவது குடுங்கோ, கையைச் சும்மா விடாதையுங்கோ என்றார். நான் அவருக்குச் சொன்னவை எல்லாம் ஒன்றும் பிசகாமல் வந்தன. உள்ளே இருந்து கேட்ட எனக்கு உச்சி குளிர்ந்தது.

வெளியே போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அறையில் இருந்த ஒரே கதிரையை, என்னுடைய கதிரையை, துடைத்து அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். நான் நின்றுகொண்டேன். முக்காலியைக் காலால் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டேன். விருந்தாளியாக வந்தவரைக் காலைத் தூக்கி வை என்று சொல்லலாமா? தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்தேன். வாங்கில் இருந்தவர்களோடு கதைத்ததற்கு நன்றி சொன்னேன்.

அவர் கதைக்கிறபோது கராம்பு மணந்தது. இத்தனை வருடம் இந்த வேலை செய்த எனக்கு, ஒருவர் எதற்காகக் கராம்பு சப்பிக்கொண்டு கிளினிக்குக்கு வருவார் என்று தெரியாதா? தெரியும். பல்லுக் கொதியாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழமையாகச் செருப்போடு வருகிறவர் அன்று சப்பாத்துப் போட்டிருந்தார். இடது காலைக் கதிரைக்குக் கீழே உள்ளுக்கு இழுத்து வைத்திருந்தார். அதையும் கண்டேன். கண்டதை எல்லாம் என் சந்தோசம் ஒவ்வொன்றாக மூடி வைத்தது. கால் எப்படி அண்ணை என்று வாயால் கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். "பரவாயில்லை மிஸ்ஸி" என்றார். முகத்துக்கு முகம் பார்த்து வேறு என்ன சொல்வார்?

எழும்பிப் போகிறபோது சுவரில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ்ஸி, உதைக் கழட்ட ஏலாதோ?"

"ஏன் அண்ணை, வடிவாத்தானே இருக்கிறியள்?" என்றேன்.

"அதுதான்," என்றார். போய்விட்டார்.

அவர் அன்று கேட்டது சிகிச்சை. நான் கொடுத்தது தேத்தண்ணி. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக்கடையில் நிக்கொட்டின் சுவிங்கம் இருக்கிறதா என்று, தமையனுக்கு என்று சொல்லிக் கேட்டிருக்கிறார். தமையன் செத்து அப்போது இரண்டு மாதம். பட்டணத்தில் இன்னொரு கிளினிக்கைத் தேடிக் கண்டுபிடித்து, தமையன் பெயரிலேயே ஒரு கொப்பி திறந்து, இரண்டு தரம் போயிருக்கிறார். பஸ் யாழ்ப்பாணத்தில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஓடிப் போய் ஓடி வர வேண்டும். மூன்றாம் தரம் போனபோது, காலமை அவருடைய பஸ்ஸிலேயே வந்து இறங்கிய எங்கள் பக்கத்துச் சனம் இரண்டு பேர் அங்கே வாங்கில் இருந்தார்கள். அவர் வாசலோடு திரும்பிவிட்டார். யாரும் தன்னை அறியாத ஓர் இடம் அவருக்கு வேண்டியிருந்தது. அந்த வழியில் எல்லாரையும் அறிந்த மனிதருக்கு அது எங்கே கிடைக்கும்? அறிந்திருந்தும் ஏசாத ஓர் இடம் ஏற்கெனவே அவருக்கு இருந்தது. அதை நான் மேடையாக்கிவிட்டேன்.

மகேசக்கா போன் எடுத்த அன்று, அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு நாளாகியிருந்தது. அதுவரைக்கும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்று தருமண்ணைதான் மறித்து வைத்திருந்தாராம். மிஸ்ஸி கவலைப்படுவா என்று.

யாழ்ப்பாணம் போனேன். வார்ட்டில் கட்டிலில் சாய்ந்து இருந்தார். என்னைக் கண்டதும், வாங்கோ மிஸ்ஸி, கதிரையில் இருங்கோ என்றார். நான் இருக்கவில்லை. என் பிழை அண்ணை என்று சொல்லத்தான் போனேன், சொன்னேன், அழுகையும் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். அவர் என்னை அழ விட்டார். மகேசக்கா வெளியே போய் நின்றார்.

"பத்தினது நான், மிஸ்ஸி. நீங்கள் இல்லை," என்றார். பிறகு, "அண்டைக்கு நீங்கள் அந்த முக்காலியை இழுத்துப் போட்டிருந்தா நான் காலைத் தூக்கி வைச்சிருப்பன். அப்பிடி நினைச்சுத்தான் வந்தனான். நீங்கள் கதிரையைத் தந்துவிட்டியள்."

கோபம் இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கே காலைப் பார்த்திருந்தால் தப்பியிருக்குமா என்று அங்கே சத்திரசிகிச்சை செய்த டொக்டரிடம் கேட்டேன். சொல்ல ஏலாது என்றார். அவர் நேர்மையான மனிதர், அப்படித்தான் சொல்ல முடியும். தப்பியிராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நான் மிச்சக் காலத்தைக் கழித்திருப்பேன்.

அடுத்த நாள் வேலைக்கு வந்ததும் படத்தைக் கழற்றினேன். டொக்டர் கதவடியில் நின்று பார்த்தார். உள்ளே வந்து, நான் பிடுங்க மறந்த ஆணியைத் தானே ஆட்டி ஆட்டிப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கால் எடுத்த பிறகும் ஆசை நிற்கவில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். காலே போய்விட்டது, இனியாவது விடமாட்டாரா என்று வெளிச்சனம் கேட்கும். விட ஏலாமல் இருப்பதுதான் நோய், அதனால்தான் அதற்கு வைத்தியம். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் பற்றினார். மற்றக் காலுக்கும் அதே ஆபத்து இருந்தது. இனி இவர் என்னிடம் வரப் போவதில்லை, எனக்கு அந்த உரிமையும் இல்லை என்றுதான் நான் இருந்தேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், வாங்கு வெறுமையான நேரம், ஓட்டோ ஒன்று வந்து நின்றது. மகேசக்கா பிடிக்க, ஊன்றுகோலோடு இறங்கி வந்தார். அறைக்குள் வந்ததும் முதலில் சுவரைப் பார்த்தார். படம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் தெரிந்தது. என்னுடைய கதிரையில் அவர் இருந்தார், அவரால் நிற்க ஏலாது. நான் மேசைக்குக் கீழே கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டேன். இருக்கிற காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

நான் குனிந்தேன். அந்தக் காலில் புண் ஒன்றும் இல்லை. இருந்தாலும் தண்ணி எடுத்து, விரல் விரலாக, நிமிராமல் கழுவிக்கொண்டே இருந்தேன். வெகுநேரத்துக்குப் பிறகு என் தலைக்கு மேலே குரல் கேட்டது.

"நேற்று மூண்டு பத்தினனான், மிஸ்ஸி."

சரி அண்ணை, எந்த நேரம், எங்கே வைத்து என்று கேட்டேன்.

அவர் இப்போது நலமாக இருக்கிறார். எத்தனை நாளாகிறது என்று எனக்குத் தெரியாது, நான் எண்ணுவதில்லை. ஓய்வு பெறும்போது அந்த முக்காலியை வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று ஒரு யோசனை வந்தது. வைத்தியசாலைச் சாமான் என்று விட்டுவிட்டு வந்தேன். இன்னும் அங்கேதான் கிடக்கும், ஒரு கால் கொஞ்சம் ஆடும்.

இனி உங்கள் சுவரொட்டி. உங்களுடையவருக்குப் புண் கிடையாது, கழுவுவதற்குக் கால் கிடையாது, போன் விளையாட்டுக்காரரைக் குனிந்து எப்படிக் கேட்பது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அது முழுதாக வரவே இல்லை. ஆனால் அவர் ஒருநாள் திரும்ப அந்த விளையாட்டைத் திறப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறக்காமலும் விடலாம், திறந்தால் என்று கேட்கிறேன். அந்த நாளைக்கு அடுத்த நாள் அவர் உங்கள் வாங்குக்கு வருகிறபோது அவருடைய முகம் சுவரில் இருக்குமா?

உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. "முதலில் கூச்சப்பட்டு வேண்டாம் என்றார், பிறகு சம்மதித்துவிட்டார்." அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். எனக்குப் பதில் போடுவதற்கு முன், எத்தனை தரம் வேண்டாம் என்று சொன்னவர் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள்.